பாட்டில்லாத இசைத்தட்டும் அப்பாவின் ஓமும்

மகன்,

சுகமா என்று கேட்டு, நாங்களும் சுகம் என்று எழுதி, அதன் பிறகுதான் விஷயத்துக்கு வருவது நம் வீட்டு வழக்கம். இந்த முறை அந்த இரண்டு வரியையும் விட்டுவிடுகிறேன். நாங்கள் சுகமா இல்லையா என்பதில்தானே நீ கேட்டதற்குப் பதிலே இருக்கிறது. ஜேர்மனியில் கப்பலை விட்டு இறங்கி, துறைமுகத்துப் பண்டகசாலை ஒன்றில் வேலைக்கு நிற்கலாம், விசாக் கடதாசிகளும் சரிவரும், ஆனால் உடனே பதில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வேறொருவனை எடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். "அம்மா, நான் நிக்கட்டோ, வரட்டோ? நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்" என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். உன் தலையில் இருந்த மூட்டையைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாய். கோபிக்கவில்லை. ஆனால் இந்த மூட்டையோடு உடனே நடக்க என்னால் ஏலாது. கொஞ்சம் இருந்து, மூச்சு வாங்கிக்கொண்டுதான் பதில் சொல்லுவேன். நீயும் பொறுமையாக வாசி.

உன் கடிதத்தை வாசித்த மற்ற எல்லோருக்கும் பதில் உடனேயே தெரிந்திருந்தது. சாம்பல்தீவிலிருந்து அக்கா வந்தாள். "நிக்கச் சொல்லி எழுதுங்கோ அம்மா. இஞ்ச வந்து என்ன செய்யப்போறான்? நாங்கள் இருக்கிறந்தானே" என்றாள். மாமா வந்தார். "வரச்சொல்லிப் போடாத. பிள்ளையின்ர வாழ்க்கையைக் கெடுத்த தாய் எண்டு சனம் கதைக்கும்" என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் பொழுதுபடுமுன் பஸ் எடுக்கவேண்டும் என்று எழும்பிப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் வீட்டில் அவரவருக்கு வேலை இருக்கிறது. ஆனால் பொழுதுபட்ட பிறகு இந்த வீடு எப்படி இருக்கும் என்று அவர்கள் இருவரும் இருந்து பார்த்ததில்லை.

இதுவரை உனக்கு வீட்டுக் கடிதம் எழுதியது அக்காதான். அப்பாவுக்குக் கையும் காலும் கொஞ்சம் இயலாது, கதை மெல்ல மெல்ல வருகிறது என்று எழுதியிருப்பாள். கடலில் இருக்கிறவனை ஏன் கலக்கவேண்டும் என்பது அவளுடைய நினைப்பு. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். பதில் சொல்லவேண்டியவள் நான் என்றால், உள்ளது என்னவென்று உனக்கும் தெரிந்திருக்கவேண்டும். அதைச் சொல்வதற்கு உன்னுடைய அந்த இசைத்தட்டிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது. சிரிக்காதே.

கடைசியாக லீவில் வந்தபோது றெக்கோட் பிளேயரைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல, படகு கட்டுகிற ஜெட்டியிலிருந்து தூக்கி வந்தாய். கூடவே சில தட்டுகள். பைலாப் பாட்டு, சினிமாப் பாட்டு, அவற்றோடு இதுவும். உறையில் ஆளில்லை, முகமில்லை. மாரி காலத்தில் உள்துறைமுகத்தைப் பார்த்தால் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாமல் கிடக்குமே, அந்தச் சாம்பல் நிறம் மட்டும்தான். நீ இதை முன் விறாந்தையில் வைத்துப் போட்டாய். அப்பா அப்போதுதான் இழுவைப்படகில் வேலை முடிந்து வந்து, கையில் எண்ணெய்க் கறையோடு கதிரையில் இருந்தார். ஊசியை வைத்தாய். ஏதோ ஒன்று தொடங்கியது. தொடங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது. தூரத்தில் ஒரு சத்தம் எழும்பி, போகாமல் அப்படியே நின்றது. அதற்குப் பின்னால் மேளம் அடிக்கிறதா இல்லையா என்று காதைக் கொடுத்துக் கேட்டால்தான் தெரிந்தது.

"இதென்ன தம்பி, கரண்ட் காணாதோ?" என்று குசினியிலிருந்து வந்து கேட்டேன்.

"இது றொக் மியூசிக் அம்மா."

"றொக்கோ? அடிக்கிறவன் நித்திரையாப் போனான் போல கிடக்கு."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. இது வந்தாப் பிறகுதான் இப்பிடியும் அடிக்கலாம் எண்டு மற்றவைக்கு விளங்கினது. இதைக் கேட்டு எத்தினை கோஷ்டி மாறினது தெரியுமே?"

"அப்ப பிழை இவங்களிலதான் தொடங்கியிருக்கு."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "பாட்டு எப்ப வரும்?" என்று உன்னைக் கேட்டார். வராது என்றாய். "வராதெண்டால் சரி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். அந்தப் பக்கம் முடிந்த பிறகு, "எஞ்சின் அறைக்கு மேல படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்தத் தட்டைப் பற்றி அவர் வாயால் சொன்னது அதுதான்.

நீ கப்பலுக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் சினிமாப் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு, உறை மாறி இதை எடுத்துப் போட்டுவிட்டேன். மறுபடியும் அதே மூட்டமான சத்தம். எனக்கு வேறு நினைப்பே வரவில்லை, உப்புக்காற்று உள்ளே போய்விட்டது என்றுதான் நினைத்தேன். இந்த ஊரில் தையல் மெசினிலிருந்து பூட்டு வரைக்கும் அதுதானே தின்கிறது. பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்த சாமானைக் கெடுத்துவிட்டேனே என்று பயந்து, றேடியோ திருத்துகிற, கிண்ணியா ஊர் முஸ்லிம் நானாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து எல்லா ஆணியையும் கழற்றி, துடைத்து, வார்ப்பட்டியை மாற்றி, சினிமாத் தட்டைப் போட்டுப் பார்த்தார். கணீரென்று பாடியது. இதைப் போட்டார். மூட்டம். திரும்பவும் கழற்றினார். பின்னேரம் முழுக்க அந்த மனிதன் வியர்க்க வியர்க்க அதோடு மாரடித்தார். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "மிசின் நல்லா இரிக்கி அக்கா. அடிச்சவங்களே இப்பிடித்தான் அடிச்சி வெச்சிரிக்காங்க. இதுக்கு நான் என்ன செய்யிற?" என்றார். அப்பா கதிரையில் இருந்தபடி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானா போன பிறகு பிளேயரை மூடிவைத்தேன். தட்டு உள்ளேயே இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில்தான் அப்பா ஜெட்டிப் படியில் விழுந்தார். வேலை செய்தவர்கள் லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாரிசவாதம். வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. வாயும் போய்விட்டது, ஒரு சொல்லைத் தவிர. அக்கா உனக்கு எழுதாதது இது. உன் அப்பாவிடம் மிஞ்சியிருக்கிறது ஓம் என்ற ஒரு சொல் மட்டும்தான், மகன். சாப்பிடுறீங்களோ என்றால் ஓம். வேண்டாமோ என்றால் அதுக்கும் ஓம். நோகுதோ, ஓம். நோகேல்லையோ, ஓம். நாம் கேட்பது அவருக்கு விளங்குகிறது, கண்ணைப் பார்த்தால் தெரிகிறது. சொல்ல வேண்டியது வாய்க்கு வரும்போது எல்லாம் ஓமாக மாறிவிடுகிறது. முதலில் இதை வைத்துச் சிரிப்பும் வந்தது. பார்க்க வந்த ஒருவன், "சைக்கிள் சும்மாதானே நிக்குது அண்ணை, நான் கொண்டுபோகட்டே?" என்று கேட்டு, இவர் ஓம் என்று சொல்ல, உருட்டிக்கொண்டே போய்விட்டான். நான் வீதி நெடுகத் துரத்திப்போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்து சொன்னபோது இவர் சிரித்தார், அதுக்கும் ஓம் என்றார்.

பிறகு சிரிப்பு ஓய்ந்துவிட்டது. ஒரு பெரிய ஆம்பிளையைப் புரட்டுவது, கழுவுவது, துடைப்பது, இடக்கையில் பிடித்து இருத்துவது எல்லாம் நான் ஒருத்திதான். முதுகு விட்டுப்போயிற்று. அது பரவாயில்லை. வேலைக்கு நான் பயந்தவள் இல்லை என்று உனக்குத் தெரியும். கேள்வி கேட்டுக் கேட்டு ஓம் வாங்குவதுதான் என்னைக் களைக்கப்பண்ணியது. கேட்டாலும் பயன் இல்லை, கேட்காமல் விட்டால் மனிசன் கட்டை மாதிரிக் கிடக்கிறாரே என்று திரும்பவும் கேட்பேன்.

பாட்டுக் கேட்டால் மனம் ஆறும் என்று அக்கா சொன்னாள். மார்கழியில் விடியப்புறம் சங்கு ஊதிக்கொண்டு வீதி வீதியாகப் பாடிப்போகிற கூட்டத்தில் இவர்தான் முன்னுக்கு நிற்பார், நீயும் சின்ன வயதில் பின்னால் போயிருக்கிறாய். அந்த நினைப்பில் அவள் றேடியோவில் பக்திப் பாட்டு வந்த நேரம் பார்த்துத் திருப்பிவிட்டாள். அவருக்கு முகம் மலர்ந்தது. வாயைத் திறந்து கூடப் பாடப் பார்த்தார். ஓம், ஓம், ஓம் என்றுதான் வந்தது. மெட்டு சரியாக இருந்தது, மகன், ஒரு இடமும் பிசகவில்லை. சொல்தான் இல்லை. கொஞ்ச நேரம் அப்படிப் பாடிவிட்டு நிறுத்தினார். அதன் பிறகு இடக்கையால் கட்டில் சட்டத்தில் அடித்து அடித்து அழுதார். நான் ஓடிப்போய் றேடியோவை நிறுத்தினேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து பாட்டு என்றால் வீட்டில் எல்லோருக்கும் பயம். சினிமாப் பாட்டுக்கும் அதேதான் நடந்தது. சொல் தெரிந்த பாட்டு எதுவாக இருந்தாலும் அவரைக் கூப்பிட்டுவிடும், கூப்பிட்டால் போகமுடியாது.

வீட்டில் சத்தமே இல்லாமல் போனது. ஆனால் பொழுதுபடும் நேரம்தான் பொல்லாதது. துறைமுகத்தில் வேலை விடுகிற சங்கு ஊதினால் இவருக்கு எங்கேயோ போகவேண்டும் என்று வந்துவிடும். எழும்பப் பார்ப்பார். முடியாது. ஓம், ஓம் என்று கத்திக்கொண்டு சட்டத்தில் அடிப்பார். அக்கம்பக்கத்தார் முதலில் ஓடி வந்தார்கள், பிறகு வருவதில்லை. அப்படியான ஒருநாள் என் கையால் அவரைப் பிடிக்க ஏலாமல் போயிற்று. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் பக்கத்தில் மூடிக்கிடந்த பிளேயரைத் திருகிவிட்டேன், ஊசியை எடுத்து வைத்தேன். அவருடைய சத்தத்தை அமுக்க வேறு ஒரு சத்தம் வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் ஒன்றும் இருக்கவில்லை. உள்ளே கிடந்தது நானா விட்டுப்போன தட்டு.

அந்தச் சத்தம் எழும்பி நின்றது. இவர் அடிப்பதை நிறுத்தினார். நான் பாட்டு வரப்போகிறதே, திரும்பவும் அழப்போகிறாரே என்று பயந்துகொண்டு நின்றேன். பாட்டு வரவில்லை. வராது என்று நீ முன்பே சொன்னதுதானே. இவர் இடக்கையை நீட்டி ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். அது எனக்குப் புதிது இல்லை. கலியாணம் முடித்த புதிதில் ஜெட்டிக்குச் சோறு கொண்டுபோனால், எஞ்சின் மூடியில் இப்படித்தான் கையை வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எஞ்சின் நடத்துகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான், காதைவிடக் கையைத்தான் நம்புவார்கள். அந்த நேரம் ஏதும் கேட்டால் பதில் வராது, நானும் கேட்கமாட்டேன். அந்த முகம் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் ஓடி முடியும்வரை ஒரு ஓம் கூடச் சொல்லவில்லை. நான் தரையில் இருந்து அழுதேன். அவருக்குத் தெரியாமல் அல்ல, அவருக்கு முன்னாலேயே அழுதேன்.

நீ அதைப் போட்டபோது பரிகாசம் பண்ணினவள் நான். இப்போதும் அது எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கோஷ்டிக்காரர் என் முன்னால் வந்தால், இன்னும் கொஞ்சம் உற்சாகமாக அடிக்கக்கூடாதா பிள்ளைகள் என்றுதான் கேட்பேன். ஆனால் ஒன்று விளங்கியது. மற்றப் பாட்டெல்லாம் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, நாமும் ஏதாவது சொல்லவேண்டும். இது ஒன்றும் கேட்பதில்லை. கூடப் பாடு என்று கேட்பதில்லை, தாளம் போடு என்று கேட்பதில்லை. பேசாமல் பக்கத்தில் இருக்கிறது. ஓம் சொல்லவேண்டிய தேவை இல்லாமல் அந்த மனிசன் கொஞ்ச நேரம் இருக்கிறார். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவள் சோர்ந்து இருக்கும்போது என்ன, ஏன், எங்கே நோகுது என்று கேட்டுத் துளைக்காதே. பக்கத்தில் இரு. என்னிடம் உனக்குச் சொல்ல இருக்கிற புத்தி அதுதான், அதுவும் களைத்துப்போய்க் கற்றுக்கொண்டது.

அன்றிலிருந்து திரும்பத் திரும்ப அதைத்தான் போடுகிறேன். ஆனால் அந்தத் தட்டுக்கும் ஒரு பக்கம் முடிகிறது. நடுவுக்கு வந்து ஊசி கரகரவென்று சுற்றத் தொடங்கினால் இவர் திரும்பவும் சட்டத்தில் அடிக்கத் தொடங்குவார். உடனே நான் எழும்பிப்போய்த் திருப்பிப் போடவேண்டும். இப்போது என் சீவியம் முழுவதும் அந்தத் தட்டின் பக்கக் கணக்கில்தான் ஓடுகிறது. ஒரு பக்கத்துக்குள் சோறு வடிக்கிறேன், மறுபக்கத்துக்குள் அவருடைய துணிகளை அலசுகிறேன். பின்னேரம் சாய்ந்தால் கண்ணை மூடுவேன், ஆனால் நித்திரை வராது, எங்கே முடியப்போகிறதோ என்று காது விழித்திருக்கும். கரண்ட் நின்றுபோனால் அன்றைக்கு நரகம்தான். அக்கா வந்தால் திருப்பிப் போடுவாள், ஆனால் அவளுடைய பிள்ளைகள் அழும், போய்விடுவாள். இப்படி எவ்வளவு காலம் என்று டொக்டரிடம் கேட்டேன். "இப்பிடியே கனகாலம் இருப்பார் அம்மா, உடம்பு நல்ல உடம்பு" என்றார். நல்ல செய்திதான். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்று, நல்ல செய்திதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அழுகைதான் வந்தது.

உன் கேள்வியை அவரிடமும் கேட்டேன், கேட்காமல் விட்டேன் என்று இருக்கக்கூடாது. பகலில், சாப்பாடு கொடுத்த பிறகு, முகத்துக்கு நேரே இருந்து கேட்டேன். "இஞ்சாருங்கோ, பெடியனை வரச்சொல்லட்டோ?" ஓம் என்றார். "அங்கயே நிக்கச் சொல்லட்டோ?" ஓம் என்றார். மாற்றி மாற்றிக் கேட்டேன். கண்ணில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தேன். உனக்கு நான் பொய் எழுதலாம். உன் பெயரைச் சொன்னதும் அப்பாவின் கண் கலங்கியது, என் கையை இறுக்கிப் பிடித்தார் என்று எழுதினால் எனக்குச் சுலபம், உனக்கும் சுலபம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு ஓமும் ஒரே மாதிரித்தான் இருந்தது. ஆகவே அப்பா கூப்பிடுகிறார் என்று நினைத்து நீ வரவேண்டாம்.

கூப்பிடுவது நான்.

வா மகன். சொல்லிவிட்டேன். இந்த இரண்டு சொல்லை எழுத என் கை கூசுகிறது. பிள்ளை முன்னேறட்டும், எங்களைப் பற்றி யோசிக்காதே என்று எழுதுவதுதான் தாய்க்கு அழகு என்று எனக்கும் தெரியும். அந்த அழகைக் காட்ட என்னிடம் இப்போது பெலன் இல்லை. அந்த வேலை போனால் திரும்பக் கிடைக்காது என்பதும், இங்கே வந்தால் துறைமுகத்தில் கூலிக்குத்தான் நிற்கவேண்டிவரும் என்பதும் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன். பின்னொருநாள் என்னில் உனக்குக் கோபம் வரலாம், வந்தால் வரட்டும். சனம் கதைத்தால் கதைக்கட்டும், அவர்கள் யாரும் தட்டைத் திருப்பிப் போட வருவதில்லை. ஏலாது என்று உனக்குத் தோன்றினால், ஏலாது அம்மா என்று நேரே எழுது. பார்ப்போம், யோசிப்போம் என்று மட்டும் எழுதாதே. எந்தப் பதிலென்று தெரியாத பதிலோடு இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

வந்தால், வருகிற அன்று மீன் குழம்பு, முறுக்கு என்று ஒன்றும் எதிர்பார்க்காதே. நான் சமைக்கமாட்டேன். பையை முன் விறாந்தையில் வை, கை கால் கழுவு, அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இரு. ஒன்றும் கேட்காதே. பக்கம் முடிந்தால் திருப்பிப் போடு. என்னைக் கூப்பிடாதே, நான் உள் அறையில் நித்திரையாக இருப்பேன்.

அம்மா